சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,350 கி.மீ.யா, 16,600 கி.மீ.யா?

ஜன்னல்சீட்: தூரம் பார்க்கும் தளங்களில் 15,350 கி.மீ. என்று வருகிறது. விமானம் பறந்த பாதையைக் காட்டும் டிராக்கரில் பழைய பயணங்களைப் பார்த்தால் 16,600 வரை காட்டுகிறது. டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம். எதை நம்புவது? வெள்ளி இரவு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் என்றைக்கு இறங்குவோம்? எகானமி சீட் ஏன் காட்டவே மாட்டேன் என்கிறது?

ரன்வே27: இரண்டுமே சரிதான். 15,350 என்பது உருண்டையின் மேல் நூல் பிடித்த தூரம். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட நேர் எதிர்த் தீர்க்கரேகை (180). அதனால் குறுக்கு வழி ஏறக்குறைய வடதுருவத்தின் மேலேயே போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4. மொத்தம் 138, பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 15,350.

ஆனால் அந்தக் கோட்டில் பறப்பது அபூர்வம். பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக வட பசிபிக் கடந்து, அலாஸ்கா, கனடா வழியாகப் போவார்கள். அங்கே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளும். ஆயிரம் கி.மீ. கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது வேடிக்கை: பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அப்போதும் கிழக்கு நோக்கியே! பாதையை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

டிக்கெட் நேரம் என்பது ஏறும் ‘கேட்’ வாசலிலிருந்து இறங்கும் ‘கேட்’ வாசல் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. காற்று வாகாக இருந்தால் அரை மணி, முக்கால் மணி முன்னதாகவே இறங்கிவிடும்.

மேகக்கணக்கு: நாள் கணக்கு. கோடையில் நியூயார்க்கைவிட சிங்கப்பூர் 12 மணி முன்னே, குளிர்காலத்தில் 13. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெள்ளி இரவு 10:30க்குக் கிளம்பி 18 மணி 45 நிமிடம் பறந்தால், நியூயார்க் கணக்கில் சனி மாலை 5:15. கோடை என்றால் சிங்கப்பூரில் ஞாயிறு காலை 5:15, குளிர்காலமென்றால் 6:15. சனிக்கிழமைக்கு ஹோட்டல் போட்டுவிடாதீர்கள்.

இனி எகானமி விஷயம். இந்த நேரடிப் பயணத்துக்கென ஓடுவது ஏ350-900 யுஎல்ஆர் என்ற அதிநீண்ட தூர ஏர்பஸ் விமானம். வழக்கமான ஏ350-900இல் சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், இதில் 1,65,000. அத்தனை கனத்தோடு ஆள் நிறைய ஏற்ற முடியாது. 161 இருக்கைதான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வேண்டுமென்றால் ஃபிராங்க்பர்ட் வழி விமானம் பாருங்கள். தூரம் சுமார் 16,470 கி.மீ.தான், ஆனால் நடுவே இறங்கி ஏறுவதும் எதிர்க்காற்றும் சேர்ந்து 24 மணி நேரம் பிடிக்கும்.

ஜன்னல்சீட்: நன்றி. நியூயார்க்கில் இறங்கி சிகாகோவுக்கு உள்நாட்டு விமானம். 90 நிமிடம் போதுமா?

ரன்வே27: போதாது. குடிநுழைவு நியூயார்க்கிலேயே. பெட்டிக்கு சிகாகோ வரை டேக் போட்டிருந்தாலும் அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் நிற்க வேண்டும். 3 மணி நேரம் விடுங்கள். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி என்றால் அடுத்தது தவறினால் செலவு உங்களுடையது.