குறித்து வைத்ததைத் தேடி எடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. வேலையில் எனக்கு வரும் தகவல் மின்னஞ்சலில் பாதி, சாட்டில் பாதி, மீட்டிங்கில் இன்னொரு பாதி (கணக்கு சரிதான், அவ்வளவு வருகிறது). எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன், தேடும்போதுதான் கிடைப்பதில்லை. நேற்று சர்வர் மாற்றும் தேதியைக் கேட்டார்கள். "முக்கியம்", "முக்கியம் 2", "புதுசு" என்று மூன்று குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். கடைசியில் அது மானிட்டரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் இருந்தது!

ஒப்சிடியன் (Obsidian) என்ற குறிப்பெடுக்கும் ஆப்புக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். குறிப்புகள் சாதாரண மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட வெறும் எழுத்து) கோப்புகளாக நம் கணினியிலேயே இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பும் கொடுக்கலாம் என்பது பிடித்திருக்கிறது.

நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: ஃபோல்டரா, டேகா (குறிச்சொல்லா), வெறும் தேடலே போதுமா? அப்புறம், பழைய குறிப்புகளை எப்போது அழிப்பீர்கள்? ஆப் பட்டியல் வேண்டாம், உங்கள் பழக்கத்தைச் சொன்னால் போதும்.