கூர்க்கா என்பது ஓர் இனமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

நிவேதா: பெரியப்பா, எங்கள் தெருவில் இரவுக் காவலுக்கு வருபவரிடம் நேற்று மாதப் பணம் கொடுத்தபோது, "நீங்கள் கூர்க்காதானே?" என்று கேட்டேன். தாம் மேற்கு நேபாளத்தின் பஜாங் மாவட்டத்தைச் சேர்ந்த செத்ரி குலத்தவர் என்றும், இந்த ஊருக்கு வந்த பிறகுதான் கூர்க்கா ஆனதாகவும் அவர் சொன்னார். அப்படியானால் கூர்க்காக்கள் யார்?

கமலா அத்தை: குடகைக் கூர்க் என்றும் சொல்வதால், அங்கிருந்து வந்தவர்களே கூர்க்காக்கள் என்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

சுந்தரம் பெரியப்பா: இரண்டுக்கும் தொடர்பே இல்லை, கமலா. காத்மாண்டுவுக்கு மேற்கே கோர்க்கா என்று ஒரு மலையூர் இருக்கிறது. கோரக்கநாதரின் பெயரால் அமைந்த ஊர் என்பது அங்குள்ள மரபு. நாம் பதினெண் சித்தர்களுள் ஒருவராகப் போற்றும் கோரக்கரும் அவரே என்பார்கள். அந்தச் சிற்றரசுக்கு 1743-இல் அரசரான பிருத்வி நாராயண் ஷா, 1768-இல் காத்மாண்டுவைக் கைப்பற்றினார். அவருடைய படையில் இருந்தவர் எந்தக் குலத்தவராயினும், ஊரின் பெயரால் கோர்க்காலி என்றே அறியப்பட்டார். ஆகவே அது முதலில் ஊர்ப்பெயர், பிறகு படையின் பெயர்.

முரளி: ஷா அரசர்கள் சித்தூர் ராஜபுத்திர வழியினர் என்று படித்திருக்கிறேன். கூர்க்காக்களும் ராஜபுத்திரர்கள்தானே, மாமா?

சுந்தரம் பெரியப்பா: அது அரச குடும்பம் தன் வம்சாவளியில் எழுதிவைத்த உரிமைகோரல், வரலாற்றாசிரியர் பலர் அதை ஐயத்துடனேயே பார்க்கிறார்கள். உண்மை என்றே கொண்டாலும் அது ஒரு குடும்பத்தின் கதைதான், படைவீரர்களுடையது அன்று. நேபாளி பேசும் செத்ரிகளும் தாகுரிகளும் அந்தப் படையில் இருந்தார்கள். திபெத்திய-பர்மிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட மகர்களும் குருங்குகளும் அவர்களோடு தோள்சேர்ந்து நின்றார்கள். என்னை மிகவும் சிந்திக்க வைப்பது கிழக்கு மலைகளின் ராய், லிம்பு மக்களின் நிலைதான்: கோர்க்கா அரசு படையெடுத்து வென்ற அதே மக்கள், பின்னாளில் ஆங்கிலேயரின் படையில் சேர்ந்தபோது கூர்க்காக்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். 1815-இல் ஆங்கிலேயர் திரட்டிய முதல் கூர்க்கா பட்டாளங்களில் குமாவுன், கட்வால் பகுதியினரும் இருந்தார்கள். பிற்பாடு, சில இனங்களே போருக்குப் பிறந்தவை என்ற தம் கொள்கையைப் பரப்பி, இத்தனை மக்களையும் ஒரே இனம்போல உலகத்துக்குக் காட்டியவர்கள் ஆங்கிலேயரே.

நிவேதா: படைப்பிரிவுகளில் அந்த வேறுபாடு தெரிந்ததா?

சுந்தரம் பெரியப்பா: நன்றாகவே தெரிந்தது, அம்மா. ஒன்பதாம் பிரிவில் செத்ரிகளும் தாகுரிகளும், ஏழாம், பத்தாம் பிரிவுகளில் ராய், லிம்பு மக்களும் பெரும்பாலும் சேர்க்கப்பட்டார்கள். 1947-இல் பத்துப் பிரிவுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்ட ஏழாம், பத்தாம் பிரிவுகளிலிருந்து இந்தியாவிலேயே இருக்க விரும்பியவர்களைக் கொண்டு 1948-இல் பதினோராம் பிரிவு எழுப்பப்பட்டது.

முரளி: என்னுடன் விடுதியில் தங்கியிருந்த நண்பன் டார்ஜிலிங்கைச் சேர்ந்தவன். குடும்பத்தில் யாருமே ராணுவத்தில் இல்லாதபோதும், தன்னைக் கோர்க்கா என்றே சொல்வான்.

சுந்தரம் பெரியப்பா: அவன் சொன்னதும் சரிதான். நேபாளி என்று சொன்னால் அயல்நாட்டவர் என்று கருதிவிடுவார்கள் என்பதால், தலைமுறைகளாக அங்கே வாழும் ராய், தமாங், செத்ரி எல்லோரும் இந்தியக் குடிமக்களாகத் தங்களை அடையாளப்படுத்த அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டார்கள். 1986-இல் தனி மாநிலம் கேட்டு வெடித்த கோர்க்காலாந்து போராட்டம் அந்தப் பெயரில்தான் நடந்தது. பஜாங்கிலிருந்து வந்தவர் மறுக்கும் பெயரை உன் நண்பன் விரும்பிச் சூடிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.