ஹெல்சிங்கி – டோக்கியோ: 7,800 கி.மீ. தொலைவுக்கு 13 மணி நேரமா?

கேள்வி:
வணக்கம். வரும் கோடையில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லவிருக்கிறேன். இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 7,800 கி.மீ. என்று பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் இடைநில்லா விமானத்துக்கே ஏறத்தாழ 13 மணி நேரம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். காரணம் என்ன?

மறுமொழி 1:
உங்கள் கணக்கு சரியானதே; 2022 தொடக்கம் வரை அந்தப் பயணம் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்தது. நீங்கள் பார்த்த தொலைவு, புவிப்பரப்பின்மேல் இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். அந்தக் கோட்டின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல், சைபீரியாவைக் கடந்து செல்கிறது. உக்ரைன் போரையடுத்து 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் தத்தம் வான்வெளியை மற்றவரின் விமானங்களுக்கு மூடிவிட்டதால், பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் அந்தப் பெரிய நாட்டைச் சுற்றிக்கொண்டு பறக்கிறது. தெற்கே காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா வழியாக ஒரு பாதை. வடக்கே வடதுருவப் பகுதி, அலாஸ்கா, பசிபிக் பெருங்கடல் வழியாக இன்னொன்று. காற்றின் போக்கைப் பார்த்துப் பாதையைத் தேர்கிறார்கள். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் தெற்குப் பாதையில் டோக்கியோ செல்லும் விமானத்தை உந்தித் தரும். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும் என்பதால், வடக்குப் பாதையே பல நேரங்களில் உகந்ததாகிறது.

மறுமொழி 2:
வடதுருவப் பாதை புதியதன்று. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளியைத் தவிர்க்க வேண்டியிருந்ததால், ஐரோப்பிய விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ சென்றன. 1957-இல் கோபன்ஹேகனிலிருந்து ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ் தொடங்கிய சேவை அத்தகையது. 1983-இல் ஃபின்ஏர், டிசி-10 விமானத்தைக் கொண்டு, எங்கும் இறங்காமல் வடதுருவம் வழியாக ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான். கிழக்காசியாவுக்கு மிகக் குறுகிய வழி என்ற ஒன்றையே வலிமையாகக் கொண்டு வளர்ந்த ஹெல்சிங்கி விமான நிலையம் மீண்டும் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பயணிகளுக்கு நேரம் போகிறது; நிறுவனத்துக்கோ எரிபொருள் செலவு கூடுகிறது, கூடுதல் எரிபொருளைச் சுமப்பதால் ஏற்றக்கூடிய சரக்கின் எடையும் குறைகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வடக்குப் பாதையில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தால், போய்ச் சேரும் நாள் மாறுமா?

மறுமொழி 3:
மாறாது. புறப்படும் நேரம், பறக்கும் நேரம், இரு நகரங்களின் நேர வேறுபாடு ஆகிய மூன்றையும் மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். கோடையில் டோக்கியோ 6 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம் பின்லாந்தில் உண்டு, ஜப்பானில் இல்லை; அதனால் குளிர்காலத்தில் அந்த வேறுபாடு 7 மணி நேரமாகும். கோடையில் ஹெல்சிங்கியிலிருந்து மாலை 6 மணிக்குப் புறப்பட்டால், எந்தப் பாதையில் சென்றாலும், 13 மணி நேரப் பயணத்துக்குப் பின் மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் டோக்கியோவில் இறங்குவீர்கள்.