ஆட்டா பிரெட்டின் நடுப்பகுதி வேகாதது ஏன்?

கேள்வி: வணக்கம். சப்பாத்திக்கு வாங்கும் கோதுமை மாவிலேயே ஈஸ்ட் சேர்த்து வீட்டில் பிரெட் சுடுகிறேன். மேல்பகுதி நன்றாகச் சிவந்தாலும், வெட்டினால் நடுப்பகுதி கத்தியில் ஒட்டுமளவு ஈரமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: மேல் நிறத்தை நம்பாதீர்கள். உணவு வெப்பமானியை நடுவில் செருகி, 95 டிகிரி செல்சியஸை நெருங்கிய பிறகே ஓவனிலிருந்து எடுங்கள். சூட்டில் மாவுச்சத்து இறுகியிருக்காது என்பதால், கம்பித் தட்டில் முழுவதும் ஆறவிட்டு வெட்டுங்கள்.

பதில் 2: ஐயா சொன்னது சரி. ஆனால், ஆட்டாவிலுள்ள தவிடு, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனின் இழைகளை அறுத்துவிடுவதால் பிரெட் உப்பாமல் அடர்த்தியாகிவிடும். பாதியளவு மைதா கலந்து, இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரியும்வரை பிசையுங்கள்.

பதில் 3: வெயில் காலத்தில் மாவு விரைவில் பொங்கிவிடும், கடிகாரம் உதவாது. விரலால் அழுத்திய குழி மெதுவாகப் பாதியளவு மீண்டால் சுடலாம்.