பேங்க் கார்டைக் கேட்கும் ஊர்க்கார அண்ணனிடம் எப்படி மறுப்பது?

பைப்ஃபிட்டர்_புதுக்கோட்டை:
வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் டார்மிட்டரியில் இருக்கிறேன். ஷிப்யார்டில் வேலை. எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வந்த புதிதில், முதல் சம்பளம் ஏறுவதற்குள், சிம் கார்டு, அரிசி எல்லாம் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் 200 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) கேட்காமலே கையில் வைத்தார். இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை.

போன ஞாயிறு தேக்காவில் சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். "உன் பேங்க் கார்டையும் சிங்பாஸையும் (அரசாங்க டிஜிட்டல் அடையாள லாகின்) என் நண்பருக்குக் கொஞ்ச நாள் கொடு. தொழில் பண்றவர். மாசம் 300 வெள்ளி தருவார்." அது சம்பளக் கணக்கு என்றேன். "அப்ப புதுசா ஒண்ணு திறக்கலாம், போனைக் கொடு, நானே திறந்து தர்றேன்." கம்பெனிக்குத் தெரிந்தால் என்றேன். "கம்பெனிக்கு யார் சொல்லப்போறா?" கடைசியில், "என் மேல நம்பிக்கை இல்லையாடா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

கொடுக்கக் கூடாது என்று தெரியும். ஏஜென்ட் கடன் இன்னும் நிற்கிறது, அதனால் அந்த 300 மேல் ஆசையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் என் கேள்வி, இவரிடம் முகம் முறியாமல் எப்படி மறுப்பது?

செங்காங்_அக்கா:
தம்பி, நான் வங்கியில் கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். தொழில் செய்கிறவருக்குச் சொந்தக் கணக்கு ஏன் இல்லை? அதை முதலில் கேளுங்கள்.

எங்கோ ஒரு பாட்டியிடம் "போலீஸ் பேசுகிறோம்" என்று மிரட்டிப் பறித்த பணம் உங்கள் பெயரில் வந்து இறங்கும். கொஞ்ச நேரத்தில் அடுத்த கணக்குக்குப் போய்விடும். பாட்டி புகார் கொடுத்ததும், பணம் இறங்கிய கணக்கு யாருடையது என்றுதான் போலீஸ் முதலில் பார்க்கும். அந்த நண்பர் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது. கணக்கை முடக்கினால் அதில் கிடக்கும் உங்கள் சம்பளமும் மாட்டிக்கொள்ளும்.

கார்டைவிட சிங்பாஸ் மோசம். அதை வைத்து உங்கள் பெயரில் வேறு வங்கிகளிலும் கணக்கு திறக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து இதற்கென்றே சட்டப்பிரிவு இருக்கிறது: குற்றத்துக்குப் பயன்படும் என்று நினைக்கக் காரணம் இருந்தும் சிங்பாஸ் விவரத்தைக் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்றால் எடுபடாது. வேலை பெர்மிட்டும் போகும்.

இரவு_ஷிப்ட்:
அக்கா சட்டம் சொல்லிவிட்டார். தம்பி கேட்டது வேறு.

நீ எழுதியதையே திரும்பப் படி. நீ ஒவ்வொரு காரணம் சொல்லும்போதும் அவரிடம் பதில் தயாராக இருந்திருக்கிறது. அதனால் இனி காரணமே சொல்லாதே. "முடியாதுண்ணே" என்பதோடு நிறுத்து. ஏன் என்று கேட்டாலும் அதேதான். "யோசிக்கிறேன்" என்பதை அவர் பாதி சம்மதம் என்று எடுத்திருப்பார், அதனால் ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றைக்கே போனில் சொல்லிவிடு. நேரில் என்றால் சோறு வாங்கித் தருவார், உனக்கு வாய் எழாது.

அப்புறம் அந்த 200. அது அவருக்கு விதைநெல். இப்போது அறுக்க வந்திருக்கிறார். எப்படியாவது புரட்டித் திருப்பிக் கொடு. பேநவ் (போன் எண்ணுக்குப் பணம் அனுப்பும் வங்கி வசதி) வேண்டாம், இந்த ஆள் கணக்கோடு உன் கணக்குக்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ரொக்கமாக, ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடு. முகம் முறிந்தால் முறியட்டும்.

தேக்கா_பழசு:
விதைநெல் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அவர் உண்மையாகவே இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கலாம். ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரர்) கடன் வாங்கி வட்டி கட்ட முடியாதவனிடம் "உன் கார்டைக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆள் கார்டைக் கொண்டுவா" என்பது இங்கே பழைய கதை. இவரும் அப்படி எங்காவது மாட்டியிருக்கலாம். அதற்காக நீங்கள் கார்டைக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. திட்டாமல் மறுத்தால் போதும், "உனக்கு ஏதும் சிக்கலாண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டால் தப்பில்லை.

இன்னொன்று. கடன் நிற்கிறது என்று பொதுவில் எழுதிவிட்டீர்கள். இனி இன்பாக்ஸில் "உடனடி லோன்" என்று மெசேஜ் வரும் பாருங்கள். உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர் யாரும் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், போன் வழியாக ஆள் பிடிக்க இங்கே அனுமதி இல்லை. அப்படி வந்தாலே அது ஆலோங் அல்லது மோசடிக்காரர்தான். உரிமம் உள்ளவரிடமும் மாதம் 4 சதவீதம் வரை வட்டி போகும், அவசரப்பட்டு அங்கேயும் ஓடாதீர்கள்.

பைப்ஃபிட்டர்_புதுக்கோட்டை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "பெரிய ஆளாயிட்ட" என்று வைத்துவிட்டார். தேக்கா_பழசு சொன்னதைக் கேட்க இடமே கிடைக்கவில்லை. ரூம்மேட் 100 தருகிறான், மீதி என்னிடம் இருக்கிறது. ஞாயிறன்று இரண்டு பேரும் போய்க் கொடுக்கிறோம்.

ஒரு சந்தேகம். வந்த புதிதில் அவர் என் பெர்மிட் கார்டைப் போட்டோ எடுத்தார். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

செங்காங்_அக்கா:
போட்டோவை மட்டும் வைத்து சிங்பாஸுக்குள் நுழைய முடியாது. ஆனாலும் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். எனக்குக் கவலை அந்த சிம் கார்டுதான். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அவர் பெயரில் என்றால், தொலைந்துவிட்டது என்று சொல்லி அதே எண்ணுக்கு அவர் வேறு சிம் வாங்கலாம், உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போகும். உங்கள் பெர்மிட்டில் புது எண் வாங்கி, வங்கியிலும் சிங்பாஸிலும் மாற்றிவிட்டு ஞாயிறன்று போங்கள். நடுவில் ஏதாவது குழப்பம் என்றால் மோசடி உதவி எண் 1799-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.