பெய்ஜிங்கின் காற்றும் ஹெபெய் ஊர்களின் குளிரும்

கேள்வி: பெய்ஜிங்கின் காற்றைத் தூய்மையாக்க, அதைச் சூழ்ந்த ஹெபெய் மாகாண ஊர்களில் நிலக்கரி அடுப்புகளை அகற்றி எரிவாயுவுக்கு மாற்றிய திட்டம், 2017 குளிர்காலத்தில் ஏன் தடுமாறியது? இலக்கே தவறா?

மறுமொழி: இலக்கு தவறில்லை, அவசரம்தான் தவறு. பெய்ஜிங்கின் நுண்துகள் அளவை 2017-க்குள் கன மீட்டருக்கு ஏறத்தாழ 60 மைக்ரோகிராமாகக் குறைக்க வேண்டுமென 2013-ஆம் ஆண்டுச் செயல்திட்டம் கெடு விதித்திருந்ததால், எரிவாயு வந்துசேரும் முன்பே பல இடங்களில் பழைய அடுப்புகளைப் பெயர்த்துவிட்டார்கள். ஹெபெயின் சூயாங் வட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள், வகுப்பறைக் குளிர் தாங்காமல், முற்றத்து வெயிலில் அமர்ந்து படித்தார்கள்.

மறுமொழி: மாற்றம் முடியாத இடங்களில் நிலக்கரியை எரிக்கலாம் என்று டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகமே இறங்கிவந்தது. ஆயினும் பெய்ஜிங்கின் அவ்வாண்டு நுண்துகள் சராசரி 58 மைக்ரோகிராமாகக் குறைந்ததையும் சொல்ல வேண்டும்.

கேட்டவர்: நன்றி. எரிவாயு விலை கூடியதாயிற்றே. அதற்கான அரசு மானியம் குறைந்தால் ஊரில் தனித்திருக்கும் முதியவர்கள் எதைக் கொண்டு குளிர்காய்வார்கள்?