பழவேற்காட்டுல பழைய பாய்ப்படகு: விவரம் தெரிஞ்சவங்க உதவணும்

வணக்கம் மக்களே. செகண்ட் ஹேண்ட் 14 அடி ஃபைபர் பாய்ப்படகு. ஓட்டப்போறவர் சுத்தமா புதுசு. பழவேற்காடு ஏரி, தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும். ஸ்ரீஹரிகோட்டா தடைப்பகுதி, அந்தப் பேச்சே வேண்டாம்.

முதல் சிக்கல் கசிவு. நடுப்பலகை (படகு பக்கவாட்டுல வழுக்காம இருக்க அடியில தண்ணிக்குள்ள இறக்குற பலகை) இறங்குற பெட்டி அடித்தளத்தோட சேருற மூலையில மயிரிழை விரிசல். படகைக் கட்டை மேல ஏத்தி உள்ளே நாலு விரல் தண்ணி ஊத்தினா, வெளியே சொட்டுற இடம் தெரியுது. பழைய ஃபைபர் மேல பாலியஸ்டர் ரெசின் அவ்வளவா பிடிக்காது, எபாக்சிதான் சரி. ஆனா விரிசலுக்குள்ள உப்புத்தண்ணி ஊறியிருக்கு. நல்ல தண்ணில கழுவி, எத்தனை நாள் காயவிட்டு, தேய்ச்சு ஒட்டணும்? நம்ம ஈரக்காத்துல செஞ்சவங்க சொல்லுங்க.

அடுத்தது ஆழம். ஏரியில பல இடத்துல இடுப்பளவுகூட இல்ல. பலகையை முழுசா இறக்கினா சேத்துல குத்தும். தூக்கிட்டா படகு பக்கவாட்டுல வழுக்கும், எதிர்க்காத்துல ஏறாது. பாதி இறக்கி ஓட்டுறப்போ காத்துக்கு எவ்வளவு சாய்வா போறீங்க? கவிழ்ந்தா பாய்மரம் சேத்துல சொருகிக்கும்னு உச்சியில மூடின காலி கேன் கட்டியாச்சு.

முகத்துவாரத்துல வத்தத்தண்ணி (கடல் வத்துறப்போ ஏரியிலிருந்து வெளியே ஓடுற தண்ணி) படகைக் கடலுக்கு இழுக்கும். அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும்னு உள்ளூர் அண்ணன்மார் சொல்லணும்.

கொண்டல் (கிழக்குக் காத்து) வலுத்தா பாயைச் சுருக்கிக் கட்ட அதுல ஓட்டை போட்டு வளையம் அடிக்கணும். தடா, சூலூர்பேட்டை பக்கம் தைக்கிற ஆள் உண்டா?